மானியம் வாங்கினேன், மெஷினும் வந்தது. புதுமை எங்கே?

பட்டறைவாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம். 24 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். உலோக பாகங்கள் செய்து, பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கும் பூச்சு) போட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்புகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு புத்தாக்க ஊக்குவிப்புத் திட்டத்தில் மானியம் கிடைத்தது. புதிதாகக் கோட்டிங் பூத், அதாவது பவுடர் அடிக்கும் அறை, வாங்கினோம். அதிகாரிகள் வந்தார்கள், மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் ஆண்டறிக்கையில் அந்தப் படமும் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மானியம் வராவிட்டாலும் அந்த பூத்தை வாங்கியிருப்பேன். வங்கியில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன். புதுமை என்று என்ன நடந்தது? அதே பாகம், அதே வாடிக்கையாளர். பழைய பூத்தில் போட்ட பூச்சு உரிந்து சரக்கு திரும்பி வந்தது. புதிய பூத்தில் போட்டதும் உரிந்து திரும்பி வருகிறது, கொஞ்சம் கூடுதல் பளபளப்போடு.

மத்தியில் இருக்கும் அரசை விடுங்கள். மாநிலம், மாகாணம் என்று வட்டார அளவில் இருக்கிற அரசு ஒரு நிறுவனத்தைப் புதிதாக எதையாவது செய்ய வைக்க முடியுமா? இல்லை, எல்லாம் என் கதை மாதிரிதானா?

சந்தேகராசா

உங்கள் கதைதான் எல்லார் கதையும். ரோட் ஐலண்ட் மாநிலம் 2010-ல் 38 ஸ்டூடியோஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு 7.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் கொடுத்தது. நடத்தியவர் பிரபல பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங். 2012-ல் திவால். அமெரிக்காவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாநிலம் அது. வரியைக் குறை, சாலை போடு, மின்சாரம் கொடு, அப்புறம் ஒதுங்கி நில். அரசுக்கு அவ்வளவுதான் வேலை.

எண்கணக்கு

@பட்டறைவாசி, இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கே ஒரு சல்யூட். திட்ட மதிப்பீடு செய்வதுதான் என் தொழில். நாங்கள் படாத பாடு பட்டுக் கண்டுபிடிக்கப் பார்ப்பதை நீங்கள் ஒரே வரியில் போட்டுடைத்துவிட்டீர்கள்: //மானியம் வராவிட்டாலும் வாங்கியிருப்பேன்//. கொடுத்த பணத்தால் கூடுதலாக என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தெரிவது கஷ்டம். மானியம் கேட்டு வருகிறவர்கள் ஏற்கெனவே துடிப்பானவர்கள். அவர்கள் நன்றாக வளர்ந்தால் அது மானியத்தாலா, துடிப்பாலா?

நெதர்லாந்தில் 2004-ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சிறு நிறுவனங்களுக்கு 7,500 யூரோ வரை வவுச்சர். ரொக்கம் கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்திடமோ ஆய்வு நிலையத்திடமோ போய்த் தங்கள் கேள்விக்குப் பதில் தேடத்தான் அதைப் பயன்படுத்த முடியும். 1,044 நிறுவனங்கள் விண்ணப்பித்தன, இருந்தது 100 வவுச்சர். குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பத்து வவுச்சருக்கு எட்டு, இல்லாவிட்டால் நடந்தே இருக்காத ஆய்வுக்குப் போயிருந்தது. ஒன்று எப்படியும் நடந்திருக்கக்கூடிய வேலைக்கு, ஒன்று பயன்படுத்தப்படவே இல்லை.

பத்துக்கு எட்டு. உங்கள் பூத்தின் கணக்கு பூஜ்யம். இரண்டும் அரசுப் பணம்தான்.

சந்தேகராசா

ஆய்வு நடந்தது சரி. நிறுவனம் உருப்பட்டதா?

எண்கணக்கு

பிடித்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. மான்செஸ்டர் வட்டாரத்தில் 2009-10-ல் இதே மாதிரி ஒன்று செய்தார்கள். சிறு நிறுவனங்களுக்கு 4,000 பவுண்டு வவுச்சர், வடிவமைப்பு, விளம்பரம், இணையதளம் மாதிரியான படைப்புத் துறை நிறுவனங்களிடம் வேலை கொடுப்பதற்கு. இதுவும் குலுக்கல்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வவுச்சர் கிடைத்தவர்கள் புதுமையிலும் விற்பனை வளர்ச்சியிலும் முன்னால் இருந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஆறாவது மாதத்தோடு கணக்கை மூடியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. எத்தனை அரசுத் திட்டங்களின் வெற்றி அறிக்கை ஆறாவது மாதத்தில் எழுதப்பட்டது என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வவுச்சர் கதவைத் திறக்கும். உள்ளே போனவர் திரும்பத் திரும்பப் போகிறாரா என்பது வேறு விஷயம்.

கோப்புத்தூசி

தொழில் வளர்ச்சித் துறையில் பல வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மெஷினுக்கு மட்டும் ஏன் மானியம் கொடுக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மெஷினுக்கு இன்வாய்ஸ் உண்டு. சீரியல் நம்பர் உண்டு. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே நிற்கும். ஆடிட் வரும்போது 'பணம் எங்கே போனது?' என்று கேட்டால் கையைக் காட்டிவிடலாம். இதையே ஒரு நிபுணர் மூன்று மாதம் வந்து உட்கார்ந்து நிறுவனத்தின் சிக்கலைப் புரிந்துகொள்வதற்குக் கொடுத்தால்? 'அவர் என்ன செய்தார்?' 'யோசித்தார் சார்.' இந்தப் பதிலைக் கோப்பில் எழுதிப் பாருங்கள் தெரியும்.

பட்டறைவாசி தம்பி, உங்களுக்கு மானியம் கொடுத்த அதிகாரியும் இது புதுமை இல்லை என்று தெரிந்தேதான் கொடுத்திருப்பார். மார்ச் மாதத்துக்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டும், உங்கள் கோப்புதான் சுத்தமாக இருந்திருக்கும். தோல்வி அடையாத திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில்தான் ஒரு குமாஸ்தாவின் பாதுகாப்பே இருக்கிறது. ஆனால் தோல்விக்கு வாய்ப்பே இல்லாத ஒன்றைப் புதுமை என்று சொல்வதற்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. நானும் அப்படிப் பல கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன்தான்.

மூன்றாம்_பெஞ்ச்

ஐயா, 'யோசித்தார் சார்' 😂 ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆய்வகத்து_ஆள்

தாமதமாக வருகிறேன், கொஞ்சம் நீளமாகவும் எழுதப்போகிறேன். சிறு தொழில்களுக்கான ஒரு பொதுச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிற நிறுவனங்களில் முக்கால்வாசிப் பேர் தவறான கேள்வியோடு வருவார்கள். 'இந்த உலோகத்தைச் சோதித்துக் கொடுங்கள், தரம் சரியில்லை என்று நினைக்கிறேன்' என்பார்கள். உலோகம் நன்றாகத்தான் இருக்கும். குளிர வைக்கும் முறையில் கோளாறு இருக்கும். கேட்ட சோதனையை மட்டும் செய்து ரசீது போட்டு அனுப்பினால் எங்கள் புள்ளிவிவரத்தில் ஒரு 'சேவை' ஏறும், அவர் சிக்கல் அவரோடேயே இருக்கும்.

ஜப்பானில் கோசெட்சுஷி என்ற மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்தந்த மாகாண அரசே நடத்துவது. சிறு நிறுவனம் வாங்கவே முடியாத சோதனைக் கருவிகளைச் சிறு கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். தொழில்நுட்ப ஆலோசனையும் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவாரசியமே இல்லாத அமைப்பு. திறப்பு விழாப் படத்துக்கு லாயக்கில்லை. ஆனால் அந்த வட்டாரத்துத் தொழிலைப் பல வருடமாகப் பார்த்துவருகிற ஒரு பொறியாளர் அங்கே உட்கார்ந்திருப்பார். அந்த அறிவுதான் முதல். கருவி அப்புறம்.

இத்தாலியின் எமிலியா ரோமாஞ்யாவும் இதே வழியில் போன வட்டாரம். 1970-களிலிருந்து அந்த வட்டார அரசு ரொக்கத்தைவிட 'மெய்யான சேவைகள்' என்று அவர்கள் சொல்வதில் கவனம் வைத்தது. கார்ப்பி ஊரில் பின்னலாடைத் தொழில், பெரும்பாலும் சின்னச் சின்ன நிறுவனங்கள். அடுத்த பருவத்தின் நிறம், வடிவம், நூல், எந்தச் சந்தை எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவரும் தனியாக ஆள் வைத்துப் பார்க்க முடியாது. அதற்கென்று சீட்டர் என்ற மையத்தை 1980-ல் தொடங்கினார்கள். தகவலைத் திரட்டி எல்லாருக்கும் பொதுவில் வைத்தது. அதை வைத்து யார் என்ன தைக்கிறார்கள் என்பதில் போட்டி அப்படியே இருந்தது.

சந்தேகராசா சார், இங்கே அரசு யாரையும் 'வெற்றியாளர்' என்று தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தனியாக யாராலும் முடியாத, எல்லாருக்கும் தேவையான ஒன்றைச் செய்து வைத்தது.

@பட்டறைவாசி, ஒரு சின்னக் கேள்வி. பாகத்தைக் கழுவி முடித்த பிறகு பவுடர் போடும் வரை எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கும்?

பட்டறைவாசி

அன்றைக்கே போட்டுவிடுவோம் சார். சில நேரம் தள்ளிப்போகும். எதற்குக் கேட்கிறீர்கள்?

ஆய்வகத்து_ஆள்

'சில நேரம்' என்பது எப்போது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? திரும்பி வந்த சரக்கின் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். அவசரமில்லை.

சட்டப்புள்ளி

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். பைசா செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள் இல்லையா? கலிஃபோர்னியாவில் 1872-லிருந்தே அந்த மாதிரி ஒப்பந்தம் செல்லாது. பொறியாளர் இன்று இங்கே ராஜினாமா செய்துவிட்டு நாளை எதிர் நிறுவனத்தில் உட்காரலாம், நாளை மறுநாள் சொந்தமாகத் தொடங்கலாம். சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்ததில் இதற்கு ஒரு பங்கு உண்டு என்று வாதிடுகிறவர்கள் பலர்.

இது வெறும் தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். மிச்சிகன் கதையைக் கேளுங்கள். அங்கேயும் 1905-லிருந்து அப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குத் தடை இருந்தது. 1985-ல் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தைச் சீர்திருத்தும்போது பழைய சட்டங்களை மொத்தமாக நீக்கினார்கள். அதில் இந்தத் தடையும் சேர்ந்து போய்விட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆய்வாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பாகப் போனது. காப்புரிமைப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிப்பாளர்கள் எங்கிருந்து எங்கே மாறினார்கள் என்று பார்த்தார்கள். மிச்சிகனில் அந்த நடமாட்டம் குறைந்திருந்தது. ஒரு துறை, ஒரு மானியம், ஒரு தொழில் பூங்கா எதுவும் இல்லாமல் ஒரு சட்ட வரி செய்த வேலை.

மாசச்சூசெட்ஸ் வெகுகாலம் இதை விவாதித்து 2018-ல்தான் ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்ற மாதிரி வரம்புகள் போட்டது.

பட்டறைவாசி

//நாளை எதிர் நிறுவனத்தில் உட்காரலாம்//

படிக்க நன்றாக இருக்கிறது சார். இரண்டு வருடம் செலவு செய்து நான் பழக்கிய பையனை அடுத்த நிறுவனம் கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து யாருக்கும் முழுவதுமாகக் கற்றுக்கொடுப்பதில்லை. உங்கள் சட்டம் வந்தால் என்னைப் போன்றவன் இன்னும் கையை மூடிக்கொள்வான். அதுவும் கணக்கில் வருமா?

சட்டப்புள்ளி

வரும், வர வேண்டும். முதலாளி பயிற்சிக்குச் செலவழிப்பது குறையும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வழியில் வேறு நிறுவனத்தில் பழகின ஒருவர் உங்களிடமும் வருவார் அல்லவா?

பட்டறைவாசி

என்னால் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கா? வரமாட்டார்.

எண்கணக்கு

இது நேர்மையான இடம், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடமாட்டம் வட்டாரத்துக்கு நல்லது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை. பயிற்சிச் செலவை வட்டாரம் ஏற்பது ஏன் நியாயம் என்பதற்கும் இதுவே காரணம். பையன் எங்கே போனாலும் அந்த வட்டாரத்துக்குள்தானே சுற்றுவான். முதலாளிக்கு நஷ்டம், வட்டாரத்துக்கு இல்லை. அப்படியென்றால் பில் யாருக்கு வர வேண்டும்?

மூன்றாம்_பெஞ்ச்

ஒரு மாணவன் சந்தேகம். நீங்கள் சொல்கிற எல்லாம் ஏற்கெனவே தொழில் இருக்கிற இடம். ஒன்றுமே இல்லாத அல்லது படுத்துவிட்ட வட்டாரம் என்ன செய்யும்? அங்கேதானே பணம் அதிகம் தேவை?

எண்கணக்கு

தேவை அதிகம், வாங்கிப் பயன்படுத்தும் திறன் குறைவு. 2002-லேயே இதற்கு 'வட்டாரப் புத்தாக்க முரண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்தங்கிய வட்டாரத்துக்குப் பணம் போனால் அதைக் கேட்டு வாங்க நிறுவனமும் இல்லை, கொடுத்து நடத்த அமைப்பும் இல்லை. கடைசியில் அந்தப் பணம் கட்டடமாகிவிடும். இன்குபேட்டர் (புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) என்று போர்டு மாட்டின, கண்ணாடி போட்ட, ஆள் இல்லாத கட்டடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

படுத்துவிட்ட வட்டாரத்துக்கு நோய் வேறு. ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு: நிலக்கரி, எஃகு. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று சொல்லவே முடியாது. எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கோளாறு. நிறுவனம், தொழிற்சங்கம், அரசியல் எல்லாமே எஃகைச் சுற்றி. அவ்வளவு பெரிய தொழில் வட்டாரத்தில் 1960-கள் வரை ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. போகும் பல்கலைக்கழகம் 1965-ல்தான் வகுப்பு தொடங்கியது. (போகும் என்பது ஊர்ப் பெயர், வினைச்சொல் இல்லை 🙂) அங்கே மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, பழைய தொழிலுக்குள்ளிருந்தே. ஆலைப் புகையையும் கழிவுநீரையும் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் அதையே சுற்றுச்சூழல் தொழில்நுட்பமாக விற்கத் தொடங்கினார்கள். கையில் இருந்த திறமையை வேறு பக்கம் திருப்பிய கதை.

ஆக, தொழிலே அதிகம் இல்லாத ஒல்லியான வட்டாரத்துக்கு வெளி உலகத்தோடு இணைப்பு வேண்டும். பழையதிலேயே இறுகிவிட்ட வட்டாரத்துக்கு அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதினால் வேலைக்கு ஆகாது. ஆனால் நான் படித்த வட்டாரத் திட்ட ஆவணங்களில் பாதி, அட்டையில் ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஊருக்கும் பொருந்தும்.

சந்தேகராசா

அப்பாடா, இதிலாவது ஒத்துப்போகிறோம்.

எமிலியா, ஜப்பான் எல்லாம் சரி. அதற்கெல்லாம் எத்தனை வருடம் ஆனது? ஐந்து வருடத்தில் தேர்தல் வரும். இதைச் செய்யப்போகும் அரசியல்வாதியைக் காட்டுங்கள், நான் கட்சி மாறுகிறேன்.

கோப்புத்தூசி

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ரிசர்ச் ட்ரையாங்கிள் என்ற ஆய்வுப் பூங்கா 1959-ல் தொடங்கியது. அங்கே படித்த பிள்ளைகள் வேலைக்கு வேறு மாநிலம் போய்க்கொண்டிருந்தார்கள், அதைத் தடுக்கத்தான். கணினி நிறுவனமான ஐபிஎம் வருவதற்கு 1965 ஆகிவிட்டது. நடுவில் அந்த ஆறு வருடமும் அந்தக் கோப்பை வைத்திருந்த அதிகாரியை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் 'எத்தனை நிறுவனம் வந்திருக்கிறது?' என்று கேட்டிருப்பார்கள்.

ஸ்பெயினின் வட்டாரமான பாஸ்க் நாட்டில் வேறு மாதிரி. 1980-களில் அவர்களுடைய கனரகத் தொழில் சரிந்துகொண்டிருந்தபோது தொழில்நுட்ப மையங்களை வளர்க்கத் தொடங்கினார்கள். 2011-ல் பல மையங்களைச் சேர்த்து டெக்னாலியா என்று ஒன்றாக்கினார்கள். முப்பது வருடம் ஒரே பாதை. அவர்களுக்குச் சொந்தமாக வரி வசூலிக்கும் அதிகாரம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தக் கையில் காசு இருந்தால் பொறுமையாக இருக்கலாம். மேலிருந்து வரும் நிதியை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டியவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஆய்வகத்து_ஆள்

இங்கே ஒரு இடைச்செருகல். ஜெர்மனியில் தொழிலுக்கான ஆய்வைச் செய்யும் ஃபிரான்ஹோஃபர் நிலையங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிப்படை அரசு நிதி, ஒரு பங்கு நிறுவனங்கள் கொடுக்கும் வேலை, மீதி போட்டியிட்டு வெல்லும் பொதுத் திட்டங்கள். அந்த அடிப்படைப் பங்குதான் நான் பொறாமைப்படுவது. எங்களை 'நீங்களே சம்பாதித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் பெரிய நிறுவனங்களுக்குச் சான்றிதழ் சோதனை செய்து கொடுத்தே காலம் போனது. சிறு நிறுவனக்காரர் ஒருவர் கையில் உடைந்த பாகத்தோடு வந்து நின்றார், அவரோடு பேச யாருக்கும் நேரமில்லை. முழுதும் அரசுப் பணத்தில் ஓடினால் நிலையம் தூங்கிவிடும், முழுதும் சம்பாதிக்கச் சொன்னால் சிறியவனை மறந்துவிடும்.

பட்டறைவாசி

ஆய்வகத்து சார், உங்கள் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று இரவு பழைய பதிவேட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். கடந்த பதினான்கு மாதத்தில் உரிந்து திரும்பி வந்தது 11 லாட். அதில் 8 லாட் திங்கட்கிழமை காலையில் பவுடர் போட்டது.

சனிக்கிழமை மாலை கழுவும் ஆட்கள் வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு லீவு. பாகம் ஒன்றரை நாள் ஈரக்காற்றில் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துரு மேல் நாங்கள் புது பூத்தில், புது ஸ்ப்ரே கன்னில், அழகாகப் பவுடர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆய்வகத்து_ஆள்

பதினொன்றுக்கு எட்டு என்பது சந்தேகப்பட நல்ல காரணம், தீர்ப்பு இல்லை. மீதி மூன்று லாட் ஏன் உரிந்தது? கழுவும் தண்ணீர், பவுடருக்கு முன்பு ஏறும் பாஸ்பேட் அடுக்கின் கனம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை அளக்க வேண்டும். இந்த வாரமே சனிக்கிழமை கழுவுவதை நிறுத்திப் பாருங்கள், செலவில்லை. அளக்கும் வேலைக்குப் பக்கத்தில் ஏதாவது பொறியியல் கல்லூரியோ சோதனைக்கூடமோ பிடியுங்கள்.

அப்புறம் ஒன்று. ஈரக்காற்றிலும் இரண்டு நாள் தாங்கும் முன்பூச்சு முறை ஒன்றை உருவாக்கிவிட்டால், உங்களைப் போலச் சின்னதாக வேலை செய்கிற எல்லாருக்கும் அதை விற்கலாம். அதைப் புதுமை என்று கூச்சமில்லாமல் சொல்லலாம்.

சந்தேகராசா

இதை இலவசமாக ஒரு இணைய இழையில் செய்துவிட்டீர்கள். அரசு எதற்கு?

கோப்புத்தூசி

சந்தேகராசா, அந்த மனிதருக்கு இதெல்லாம் தெரிய வந்தது எந்தச் சம்பளத்தில்?

பட்டறைவாசி

தொழில்துறையின் தளத்தில் தேடினேன். இந்த வருடமும் அதே திட்டம் திறந்திருக்கிறது. முன்பூச்சு ஆய்வுக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பேசியாயிற்று, அவரும் தயார். விண்ணப்பத்தைத் திறந்தால் முதல் கட்டம்: 'வாங்க உத்தேசித்துள்ள இயந்திரத்தின் பெயர், மாடல், உற்பத்தியாளர்.' நட்சத்திரக் குறி போட்டிருக்கிறது, காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. கோப்புத்தூசி ஐயா, நான் என்ன எழுத?

கோப்புத்தூசி

'பொருந்தாது' என்று எழுதுங்கள் தம்பி. கடைசிப் பக்கத்தில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி இருக்கும். ஆய்வுக் கட்டணத்தை அங்கே போடுங்கள். பேராசிரியரின் கடிதம் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும்.

பட்டறைவாசி

பார்த்தேன் ஐயா. அந்தக் கட்டத்தில் ஐம்பது எழுத்துக்கு மேல் ஏறவில்லை. தனித்தாள் இணைக்கலாமா?

கோப்புத்தூசி

இணையுங்கள். மூன்று பிரதி. ஒன்று நிச்சயம் தொலையும்.